சஹ்யாத்ரி மரமும் பெருங்குடற் புற்றுநோய் மருந்தும்

தாணே மாவட்டத்தின் கிழக்கெல்லையாக நிற்கும் சஹ்யாத்ரி மலைத்தொடர் தெற்கே மகாபலேசுவரம், கோல்ஹாப்பூர்ப் பகுதிகளை அடையுமிடத்தில், மழைக்காடுகளின் நிழலில் ஒரு சிறுமரம் வளர்கிறது. மராத்தியர் அதனை நரக்யா என்பர். அதன் பழைய தாவரநூற் பெயர் மாப்பியா ஃபெட்டிடா. இன்றைய பெயர் நோதபோடைட்டிஸ் நிம்மோனியானா. ஃபெட்டிடா என்றால் துர்நாற்றமுடையது என்று பொருள். பூவின் நாற்றத்தை அறிந்தவர் இப்பெயரைக் குறை கூறார். பெருங்குடலில் தோன்றிக் கல்லீரல் முதலிய உறுப்புகளுக்கும் பரவிவிட்ட புற்றுநோய்க்கு வழங்கும் இரினோட்டிக்கான் என்னும் மருந்தின் மூலப்பொருள் இத்தகைய மரங்களிலிருந்தே கிடைக்கிறது.

அம்மூலப்பொருள் காம்ப்டோதெசின் எனும் ஆல்கலாய்டாகும். 1966 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வால், வாணி என்ற இரு ரசாயன அறிஞர்கள் சீன நாட்டு மரமொன்றிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். 1972 ஆம் ஆண்டில், சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிப் பின்னர் பம்பாய்க்கு வந்த டி. ஆர். கோவிந்தாச்சாரி, விசுவநாதன் என்பவருடன் சேர்ந்து, நம் நரக்யாவிலும் அப்பொருள் இருப்பதை வெளியிட்டார். சீன மரத்திலுள்ளதைவிட இதில் அது மிகுதி. இவ்வாய்வு நடந்த இடம் அந்நாளில் கோரேகாவில் இயங்கிய சீபா ஆராய்ச்சி நிலையமாகும்.

இம்மருந்து வேலை செய்யும் விதத்தை ஆசிரியர்கள் வகுப்பில் எளிதில் காட்டலாம். இரு புரி முறுக்கிய கயிற்றின் ஒரு முனையை மேசைக்காலில் கட்டிவிட்டு, மறு முனையில் புரிகளைப் பிரித்து இழுக்கச் சொல்லுங்கள். பிரியப் பிரிய முன்னாலுள்ள முறுக்கு இறுகி, கயிறு சுருண்டு நின்றுவிடும். உயிரணு பிளவுபடுமுன் தன் டி.என்.ஏ. இழையைப் பிரித்துப் படியெடுக்கும்போது இதே இடர் நேர்கிறது. இடரைத் தீர்ப்பது டோப்போஐசோமரேஸ் 1 என்னும் நொதி. அது ஒரு புரியை மட்டும் வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, வெட்டிய முனைகளை மீண்டும் ஒட்டிவிடும். காம்ப்டோதெசின் அவ்வெட்டில் ஆப்புப் போல் புகுந்து, ஒட்டுவதைத் தடுக்கிறது. படியெடுக்கும் பொறி அங்கு வந்து மோதியதும் இழை முழுதும் அறுகிறது, உயிரணு மடிகிறது. விரைந்து பெருகும் உயிரணுக்களே முதலில் மடியும் என்பது இதிலிருந்து பெறப்படும். புற்று மட்டுமன்றி, குடலின் உட்படலம், எலும்பு மச்சை, மயிர்க்கால் ஆகியனவும் விரைந்து பெருகுவன. பக்கவிளைவுகளின் காரணம் இதுவே.

இயற்கைப் பொருளோ நீரில் கரையாது. அதன் சோடிய உப்பைக் கொண்டு நடத்திய முதற் சோதனைகளில் சிறுநீர்ப்பையில் குருதிக்கசிவும் கடும் வயிற்றுப்போக்கும் உண்டாயின, அச்சோதனைகள் கைவிடப்பட்டன. ஜப்பானில் யாகுல்ட் நிறுவனம் (ஆம், புளித்த பாற்பானம் விற்கும் அதே நிறுவனந்தான்) அதன் மூலக்கூறை மாற்றியமைத்துக் கரையக்கூடியதாக்கியது. அதுவே இரினோட்டிக்கான். 1996 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசும் இதற்கு அனுமதி வழங்கிற்று. பிற மருந்துகளுடன் இதனைச் சேர்த்தளித்தால் முற்றிய நோயாளரின் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மூன்று மாதங்கள் நீளுவதை 2000 ஆம் ஆண்டில் வெளியான இரு ஆய்வுகள் காட்டின. பெரும்பாலோர்க்கு இது முழுக் குணம் தருவதன்று. இதனை வீட்டாரிடம் மறைத்தல் தகாது.

வயிற்றுப்போக்கின் கதை தனியானது. கல்லீரல் இரினோட்டிக்கானை எஸ்.என். 38 என்ற பன்மடங்கு வீரியமுள்ள பொருளாக மாற்றுகிறது. பிறகு அதனுடன் சர்க்கரையமிலம் ஒன்றைச் சேர்த்து, வீரியத்தைத் தணித்துப் பித்தநீர் வழியே குடலுக்கு அனுப்புகிறது. குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அவ்வமிலத்தைப் பிரித்துவிடுகின்றன. வீரியம் திரும்ப, படலம் புண்ணாகிறது. தணிக்கும் நொதி பிறப்பிலேயே குறைந்தவர்கள் உண்டு. இந்தியரிடையேயும் அது அரிதன்று. அவர்களுக்கு மருந்தளவைக் குறைப்பதுண்டு. காரணமின்றிக் கண் மஞ்சளிக்கும் வழக்கம் முன்பே இருந்திருந்தால் மருத்துவரிடம் கூறவேண்டும்.

கள ஊழியர் அறியவேண்டியது, போக்கு இருவகைப்படும் என்பதாகும். மருந்து ஏறும்போதோ முதல் நாளிலோ வரும் போக்குடன் வியர்வை, உமிழ்நீர்ப் பெருக்கு, வயிற்றுப் பிசைவு காணும். மருத்துவமனையிலேயே அட்ரோப்பின் ஊசி இதனை அடக்கும். ஒரு நாள் கழிந்தபின், சிலருக்குப் பத்து நாளுக்குப் பின்னும், வருவதே கொடியது. அப்பொழுது நோயாளர் பரேலிலுள்ள டாட்டா நினைவு மருத்துவமனையிலிருந்து திரும்பி, தாணேயிலோ தாராவியிலோ வீட்டில் இருப்பார். ‘வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று வீட்டார் காத்திருப்பர். காத்திருத்தல் ஆகாது. முதல் இளகிய மலத்திலேயே லோப்பெரமைடு 4 மில்லிகிராமும், பின் இரண்டு மணிக்கொருமுறை 2 மில்லிகிராமும், போக்கு நின்று 12 மணி நேரம் ஆகும்வரை உட்கொள்ளுமாறு மருத்துவர் எழுதித்தருவது வழக்கம். உறையில் அச்சிட்ட அளவைவிட இது மிகுதியாகத் தோன்றும், கடைக்காரர் தயங்குவார். ஆகவே மருத்துவர் எழுதிய சீட்டும் மாத்திரையும் முன்கூட்டியே வீட்டில் இருக்கின்றனவா எனப் பார்க்கவும். உப்புச் சர்க்கரைக் கரைசலும் உடன் தரவேண்டும். 48 மணி நேரத்திற்கு மேல் இதனை வீட்டிலேயே தொடர்வது தவறு.

போக்குடன் காய்ச்சலும் சேர்ந்தால் ஒரு மணி நேரமும் வீணாக்கலாகாது. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் வேளையில் புண்ணான குடல்வழி கிருமிகள் குருதியில் கலக்கின்றன. இதனால் உயிரிழந்தோர் உண்டு. வெப்பமானி 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் காட்டினால், இரவாயினும் மருத்துவமனைக்கு அனுப்புக. முடியுதிர்வு அஞ்சத்தக்கதன்று, மீண்டும் முளைக்கும்.

நிற்க. நரக்யாப் பட்டையைக் கஷாயம் வைத்துக் குடிக்கலாமா என்று கேட்பாரும் உளர். அளவறியாத நஞ்சைக் குடிப்பதே அது. மரத்துக்கும் இதனால் கேடு உண்டு. பட்டைக்கும் கட்டைக்கும் வேண்டி முழு மரத்தையும் வெட்டிச் செல்வதால், ஒரு காலத்தில் மலிந்திருந்த இடங்களிலும் இன்று அது அருகிவிட்டது. விதையிலிருந்து நாற்று எழுப்பும் முயற்சிகள் நடைபெறுகின்றன.