செங்கல் தளத்தில் படரும் பாசி

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் ஒடுகத்தூர். இதுபோன்ற மலையடிவார ஊர்களில், ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கியதும் கிணற்றடியிலும், குடிநீர்த் தொட்டியைச் சுற்றியுள்ள மேடையிலும், கோயிற் படிகளிலும் பச்சைப் பாசி படர்வது இயல்பு. நீர்க்குடத்துடன் வரும் பெண்கள் அதில் வழுக்கி விழுகிறார்கள். முதியோருக்கு இடுப்பெலும்பே முறிந்துவிடுவதும் உண்டு. எனவே பாசியை அகற்றுவதை வெறும் அழகு வேலையாகக் கருதலாகாது.

டிராக்டர், மோட்டார் சைக்கிள் ஆகியவற்றைக் கழுவும் அழுத்த நீர்ப் பொறியைக் கொணர்ந்து செங்கல் தளத்தையும் கழுவிவிடலாம் எனச் சிலர் யோசனை கூறுகின்றனர். வேலை ஒரு மணி நேரத்தில் முடிவது உண்மையே. தளமும் புதியதுபோல் சிவந்து காணப்படும். ஆனால் அடுத்த மழையில் முன்னிலும் அதிகமாகப் பாசி பிடிக்கும். ஏன்? சூளையில் வெந்த செங்கல்லின் மேற்புறம் உட்புறத்தைவிடக் கெட்டியானது. கூரிய நீர்த்தாரை அதனைப் பெயர்த்துவிட்டால் உள்ளிருக்கும் நுண்துளைகள் திறந்து, கல் அதிக நீரை உறிஞ்சும். ஈரம் தங்கும் இடமே பாசிக்கு உகந்த இடம். பழைய கட்டடங்களில் சுண்ணாம்புச் சாந்தும் அரித்துப்போகும்; பிறகு பூச்சு வேலைக்குப் பஞ்சாயத்துப் பணமே செலவாகும்.

ஆகையால் முதலில் சோதித்துப் பாருங்கள். செங்கல்லை நகத்தால் கீறித் தடம் விழுந்தாலும், இணைப்புச் சாந்து ஆணி பட்டதும் உதிர்ந்தாலும், அங்கே பொறி கூடவே கூடாது. நன்கு வெந்த கல்லும் உறுதியான சிமெண்டுச் சாந்தும் உள்ள இடத்தில், விசிறிபோல் விரியும் நீர்த்தாரையைக் குறைந்த அழுத்தத்தில், ஓர் அடிக்குக் குறையாத தூரத்தில் பிடித்து, ஒரு மூலையில் சோதித்த பின்னரே தொடரலாம். பூச்சிமருந்து அடித்த விசைத் தெளிப்பானைக் கிணற்றடிக்குக் கொண்டுசெல்லவே கூடாது. எத்தனை முறை அலசினாலும் அதில் நஞ்சு எஞ்சியிருக்கக்கூடும்.

மற்ற இடங்களுக்குக் கைவேலையே ஏற்றது. வெயில் நாளில், பாசி காய்ந்திருக்கும்போது, தென்னந் துடைப்பத்தால் தேய்த்துப் பெருக்கி அள்ளிவிட வேண்டும். கம்பித் தூரிகை கல்லைக் கீறும். பின்னர் 10 லிட்டர் நீரில் 100 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கலந்து, தெளிந்த நீரை ஊற்றி, கால் மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவலாம். கைக்கு ரப்பர் உறையும் கண்ணுக்குக் காப்பும் அவசியம். இக்கரைசல் கிணற்றுக்குள் வழியாதவாறு மண்ணால் வரம்பு கட்டிக்கொள்ளவும். விரைவாகச் சுத்தமாகும் என எண்ணி ஆசிட்டைச் சேர்ப்பவர்கள் உண்டு. இரண்டும் கலந்தால் மூச்சை அடைக்கும் குளோரின் வாயு வெளிப்படும். அது உயிருக்கே அபாயம். ஆசிட் தனியாகவும் சுண்ணாம்புச் சாந்தைக் கரைத்துவிடும்.

எவ்வளவு தேய்த்தாலும், சிந்தும் நீர் அங்கேயே தேங்கினால் பாசி மீண்டும் வரும். மேடையில் 4 அடிக்கு ஓர் அங்குலமாவது சரிவு இருத்தல் வேண்டும். வெடிப்புகளை, பழைய சுவராயின் சுண்ணாம்புச் சாந்தாலேயே, அடைக்க வேண்டும். வெயிலை மறைக்கும் கிளைகளைக் கழித்துவிடலாம். ஒழுகும் குழாயைச் சீர்செய்து, கழிவுநீரைக் கால்வாய் வழியே கிணற்றிலிருந்து தள்ளி அமைந்த வாழைப் பாத்திக்குத் திருப்பலாம். இவ்வேலைகளைப் புரட்டாசி பிறப்பதற்குள் முடித்துவிடுவது நல்லது. மழை தொடங்கிய பின் சாந்து உலராது.