வேளா மீனைக் காப்போம்!



நம்ம ஊர்ல இருந்து பொன்னேரி வழியா போனா பழவேற்காடு வரும். அங்கே ஆரணி ஆற்றுத் தண்ணியும் கடல் தண்ணியும் கலக்குது. இந்த மாதிரி முகத்துவாரங்களிலும் சேறான கரையோரக் கடலிலும் வாழும் பெரிய மீன்தான் வேளா. உலகத்துல மொத்தம் 5 வகை வேளா இருக்கு. ஐந்துமே அழியும் ஆபத்தில் உள்ளன.

உருவம்: முகத்துக்கு முன்னால் நீளமான ரம்பம் இருக்கும். அதன் இரண்டு பக்கமும் பற்கள். பெரிய வகைகள் 6 மீட்டருக்கு மேல், அதாவது 20 அடி வளரும். பார்த்தால் சுறா மாதிரி இருந்தாலும் இது திருக்கை இனம். சுறாவுக்குச் செவுள் பிளவு பக்கவாட்டில் இருக்கும். வேளாவுக்கு அடிப்பக்கம் இருக்கும்.

ரம்பம் எதுக்கு? சேற்றில் மறைந்திருக்கும் இரையின் உடம்பிலிருந்து மிக லேசான மின்சாரம் வரும். அதை ரம்பத்தில் உள்ள நுண்துளைகள் உணரும். உடனே வேளா ரம்பத்தை இடதும் வலதுமா வீசி இரையை அடிக்கும். வேளா குட்டி போடும். தாய்க்குக் காயம் படாம இருக்க, பிறக்கும்போது குட்டியின் ரம்பத்துக்கு மேல் மெல்லிய உறை இருக்குமாம்!

ஏன் அழியுது? இரை பிடிக்கும் அதே ரம்பம்தான் வலையில் சிக்கிக்குது. வேற மீனுக்குப் போட்ட வலையா இருந்தாலும் பற்கள் மாட்டிக்கும், தானா விடுபட முடியாது. துடுப்புக்கும் ரம்பத்துக்கும் ஆசைப்பட்டும் பிடிச்சாங்க. குட்டிகள் வளரும் அலையாத்திக் காடுகளும் குறைஞ்சுபோச்சு. வேளா பெரிசாகிக் குட்டி போட பல வருஷம் ஆகும். அதனால போனதை ஈடுகட்ட முடியல.

சட்டம்: வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் 2001-ல் வேளாவைச் சேர்த்தாங்க. பிடிப்பதும் விற்பதும் குற்றம். 3 முதல் 7 வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு.

ஆனா சட்டம் வலைக்குத் தெரியாதே! மாட்டின வேளாவை உயிரோட விடணும்னா வலையை அறுக்கணும். வலை போனா மீனவர் வீட்டுச் சாப்பாட்டுக்கு என்ன செய்வாங்க? குஜராத்தில் திமிங்கலச் சுறா சிக்கினா மீனவர்களே வலையை அறுத்து விடுறாங்க. அறுத்த வலைக்கு அரசு பணம் தருது. அதே மாதிரி வேளாவுக்கும் நம்ம கடற்கரையில் தந்தால் மீனும் பிழைக்கும், மீனவரும் பிழைப்பாங்க.

உங்க சொந்தக்காரங்க யாராவது கடலுக்குப் போறவங்களா இருந்தா இதை அவங்ககிட்ட சொல்லுங்க.

பதில் சொல்லுங்க பார்ப்போம்:
1. வேளா சுறாவா, திருக்கையா?
2. எந்த ஆண்டு அதைச் சட்டத்தில் சேர்த்தாங்க?
3. அதன் ரம்பமே அதுக்கு எப்படி ஆபத்து ஆச்சு?


– ஒன்பதாம் வகுப்பு மாணவி