தகைவும் திரிபும் முறுக்கமும்

பொருள்களின் வலிமையைக் கணக்கிடப் புகும் மாணவர் பலர் வாய்பாட்டையே முதலில் தேடுவர். சொற்பொருளை முதலில் தெளிதல் வேண்டும் என்பது நம் கருத்து.

தகைதல் என்பது தடுத்தல். வெளிவிசையைத் தடுக்கப் பொருளினுள் ஓரலகுப் பரப்பில் எழும் எதிர்விசையே தகைவு. 'பொன்', 'குடம்' ஆகியவை புணர்ந்து 'பொற்குடம்' ஆதலை இலக்கணத்தார் திரிதல் என்பர். இங்கோ நீள மாற்றத்திற்கும் தொடக்க நீளத்திற்கும் உள்ள விகிதமே திரிபு. ஆதலின் அதற்கு அலகில்லை.

2 மீட்டர் நீளமும் 100 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் உடைய எஃகுக் கம்பியை 20,000 நியூட்டன் விசை இழுப்பதாகக் கொள்வோம். விசையைப் பரப்பால் வகுக்கத் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 200 நியூட்டன். அதனை எஃகின் யங் குணகமாகிய ஏறத்தாழ 2,00,000ஆல் வகுக்கத் திரிபு 0.001. அதனை நீளத்தால் பெருக்கக் கம்பி நீள்வது 2 மில்லிமீட்டர். மீட்சி எல்லைக்குள் மட்டுமே இம்முறை பொருந்தும். தகைவு அவ்வெல்லையைக் கடந்ததா என இறுதியில் நோக்குதல் இன்றியமையாதது.

முறுக்கத்தில், உருளைத்தண்டின் அச்சில் தகைவு சுழி, புறப்பரப்பில் பெருமம். திண்மத் தண்டின் விட்டத்தை இருமடங்காக்கின், அதே முறுக்குவிசைக்குப் பெருமத் தகைவு எட்டில் ஒன்றாகும்.

இக்கணக்கில் நேரும் பிழை விடைத்தாளோடு நிற்பதன்று. பாலத்தின்மேல் நடப்போர் உயிரும் இதனையே நம்பியுள்ளது.