ஆய்வகக் கணினிகளுக்கும் வருகைப் பதிவேடு

இணையவழி மதிப்பீட்டு நாளன்று எங்கள் கணினி ஆய்வகத்தில் ஏழாம் எண் கணினி இயங்கவில்லை. வலையமைப்பைக் கண்காணிக்கும் மென்பொருளோ அதைப் பச்சை நிறத்தில் காட்டிக்கொண்டிருந்தது. அதை நம்பி மாற்று ஏற்பாடு செய்யாமல் இருந்துவிட்டேன். ஒரு மாணவி, தோழி தேர்வை முடிக்கும்வரை காத்திருக்க நேர்ந்தது. தவறு மென்பொருளுடையதன்று, அதில் பட்டியலை ஏற்றிய என்னுடையது.

ஜாபிக்ஸ் போன்ற கண்காணிப்பு மென்பொருளுக்கு முகவரி வரம்பைக் கொடுத்தால், பதில் சொல்லும் கருவிகளைக் கண்டறிந்து தானே பட்டியலில் சேர்க்கும்படி அமைக்கலாம். நான் அப்படித்தான் அமைத்திருந்தேன். ஆனால் ரவுட்டர் ஐ.பி. முகவரிகளைத் தற்காலிகமாகவே வழங்குகிறது. ஏழாம் கணினி சில நாள் அணைந்திருந்தபோது அதன் முகவரி ஓர் ஆசிரியரின் கைப்பேசிக்குப் போய்விட்டது. மென்பொருள் அனுப்பிய 'பிங்'குக்குக் கைப்பேசி பதில் சொன்னது. வராத மாணவனுக்குப் பக்கத்து மாணவன் 'உள்ளேன் ஐயா' சொன்ன கதைதான்.

இப்போது தானே சேர்க்கும் வசதியை நிறுத்திவிட்டோம். தலைமையாசிரியரின் அனுமதியுடன், எங்கள் வலையமைப்புக்குள் மட்டும், என்மேப் கொண்டு தேடுகிறோம். 1997 முதல் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் இது. ஐ.பி. முகவரியுடன் 48 பிட் கொண்ட மேக் முகவரியையும் தருகிறது. கணினியின் வலை அட்டைக்கு உரிய எண் என்பதால் இது நாளுக்கு நாள் மாறுவதில்லை. (இன்றைய கைப்பேசிகள் இதையும் மாற்றிக் காட்டும், அவற்றைப் பட்டியலில் சேர்ப்பதில்லை.)

அப்பட்டியலை அச்சிட்டு 9ஆம் வகுப்பு மாணவர்களிடம் கொடுத்தேன். கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்பதை மதகில் நின்றே சொல்லிவிட முடியாது என்று டெல்டாப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மேசைக்கும் சென்று மேக் முகவரியை ஒப்பிட்டு, 'வரிசை 2, கணினி 7' எனப் பெயர் எழுதினார்கள். பிறகு ரவுட்டரில் ஒவ்வொரு மேக் முகவரிக்கும் ஓர் ஐ.பி. முகவரியை ஒதுக்கி, அதன் பின்னரே மென்பொருளில் ஏற்றினோம்.

ஏற்றியதும் நன்றாக இயங்கும் சில கணினிகள் சிவப்பாகத் தெரிந்தன. உள் வலையமைப்பில் என்மேப் 'ஏ.ஆர்.பி.' முறையில் கேட்கிறது. அதற்குக் கணினி பதில் சொல்லிவிடும். 'பிங்'கை மட்டும் விண்டோஸ் தீயரண் தடுத்திருந்தது. அங்கே அனுமதி கொடுத்ததும் பச்சையாயின.

மாணவர்கள் இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள். மேசையில் இருந்த ஒரு கணினி பட்டியலிலேயே இல்லை. பின்னால் பார்த்தால், கேபிள் கழன்று கிடந்தது.