கட்டு அவர்களுக்கு, மரம் நமக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

முட்டுக்காட்டில் படகுச் சவாரி போய்வந்த கையோடு, "கேட்டமரான் நம்ம தமிழ்ச் சொல்லா மாமா?" என்று கேட்டிருக்கிறாய். ஆமாம், நம் கட்டுமரமேதான். ஆனால் அடுத்த வரியிலேயே, "அப்படியானால் கேட்டமரான் என்ற இரட்டை உடல் படகைக் கண்டுபிடித்தவர்கள் நாம்தான்" என்று எழுதிவிட்டாயே, அங்கேதான் உன் காதைத் திருகத் தோன்றுகிறது.

கட்டுமரத்துக்கு இரண்டு உடல் கிடையாது, ஒன்றுகூடக் கிடையாது. லேசான மரங்களைச் செதுக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கயிற்றால் இறுக்கிய மிதவை அது. மேலே ஏறிய அலை இடுக்கு வழியே இறங்கிவிடும். தண்ணீர் இறைக்க வேண்டாம். கவிழ்ந்தாலும் மூழ்காது.

"பின்னே அந்தப் பெயர் எப்படிப் போனது?" என்பாய். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி, 1697இல் வந்த தன் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களை இதே பெயர் சொல்லி எழுதினார். அவர் சொன்னதும் மிதவையைத்தான். 1876இல் நத்தானியல் ஹெர்ரெஷாஃப் என்ற அமெரிக்கர் 'அமரில்லிஸ்' என்ற இரட்டை உடல் பாய்ப்படகைக் கட்டி நியூயார்க் பந்தயத்தில் விட்டார். அந்த வகைப் படகுக்கு நம் சொல் ஒட்டிக்கொண்டது. இரட்டை உடல் வித்தை பசிபிக் தீவு மக்களுடையது. அவர்கள் சொத்து நமக்கு எதற்கு?

நம் சொத்து சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வினைத்தொகை படித்தாயே, அதற்குள் மறந்தாயிற்றா? ஊறுகாய் மாதிரிப் பிரித்துப் பார்: கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம். வெறும் இலக்கணம் என்று நினைக்காதே. கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைப் பிரித்து மணலில் காயப் போடுவார்கள். அடுத்த முறை கடலுக்குப் போகும்போது மறுபடி கட்டுவார்கள். மூன்று காலமும் அந்தக் கயிற்றில் இருக்கிறது.

ஆங்கிலப் பாய்ப்படகுக்காரர்கள் கேட்டமரான் என்பதைச் சுருக்கி 'கேட்' என்கிறார்கள். பூனை என்று நினைத்துவிடாதே, அது நம் 'கட்டு'. நம் மீனவர்களோ சுருக்கமாக 'மரம்' என்பார்கள். கயிற்றுக் கட்டே தேவைப்படாத படகு 'கட்டு' என்ற பெயரோடு உலகம் சுற்றுகிறது!

2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகி, மரங்கள் அருகிவிட்டன. இருந்தாலும் கோவளம் கடற்கரையில் தேடிப் பார். தாம்பரத்திலிருந்து தூரம் என்று சாக்குச் சொல்லாதே. வண்டலூரில் திரும்பினால் கேளம்பாக்கம், அதைத் தாண்டினால் கடல். விடியற்காலையில் போ. மணலில் ஒரு மரம் கிடந்தால், வயதான மீனவர் யாரையாவது கேட்டு, அதைக் கட்டும் முடிச்சைப் போடக் கற்றுக்கொண்டு வா.

அன்புடன்,
மாமா