குறிப்புக் கலத்தைப் பாருங்கள், பிரதர்

அன்புள்ள பிரதர்,

வக்கீலாகப் பதிவு செய்த கையோடு உங்களைச் செங்கல்பட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். லயோலாவில் வகுப்பெடுக்கத்தான் ஆசை என்று எழுதியிருந்தீர்கள். 1925இல் பெர்ட்ரம் அடிகளார் தொடங்கிய கல்லூரி. அதில் படித்து ஆளானவர்கள் எத்தனையோ பேர். ஆனால் விசுவாசப் பணியையும் நீதிப் பணியையும் பிரிக்க முடியாது என்று இயேசு சபையின் 32ஆவது பொதுப் பேரவை 1975இல் சொன்ன பிறகு, கல்விப் பணி வளாகச் சுவரோடு நிற்க முடியாது. அதற்கு 90 ஆண்டு முன்பே சோட்டாநாக்பூரின் தோர்ப்பாவுக்குப் போன லீவன்ஸ் அடிகளார், நிலச் சட்டத்தைக் கற்று முண்டா மக்களின் வழக்குகளுக்குத் துணை நின்றார்.

உங்களுக்கும் நிலம்தான் பாடம். செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்கீர் 1891இல் கொடுத்த அறிக்கையால் 1892இல் பிறந்தது, தாழ்த்தப்பட்டவருக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலம். முதல் 10 ஆண்டு விற்கக்கூடாது, அடகு வைக்கக்கூடாது. அதன் பிறகும் தாழ்த்தப்பட்டவருக்கு மட்டுமே கைமாறலாம். மாமல்லபுரம் பக்கம் மனை விலை ஏறிய பின் இந்த நிபந்தனையை யார் நினைக்கிறார்கள்? அந்தப் பக்கத்துக் காரணை ஊரின் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடியவர்கள் மீது 10.10.1994 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்துப்போனார்கள். அந்த இரண்டு பெயரையும் தெரிந்துகொண்டு வாருங்கள். உங்கள் சபையின் யேசுமரியான் அடிகளார் வக்கீலாகி இங்கே தலித் மனித உரிமை மையம் நடத்தியதையும் கேட்டறியுங்கள்.

வந்ததும் மனு எழுத உட்காராதீர்கள். ஊரின் நிலக் கணக்கான 'அ' பதிவேட்டின் நகலை வாங்கி, கடைசியில் இருக்கும் குறிப்புக் கலத்தைப் பாருங்கள். பழைய செட்டில்மெண்ட் கணக்கில் நிபந்தனை நிலம் என்றிருப்பது, 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். கணக்கில் பல ஊர்களில் விடுபட்டிருக்கும். சர்வே எண்ணும் மாறியிருக்கும். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காலனிப் பிள்ளைகளுக்குப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். பத்தாவது படிக்கும் பெண் தன் தாத்தாவின் பெயரைப் பதிவேட்டில் விரல் வைத்துக் காட்டினால், அந்தக் குடும்பத்துக்கு இன்னொருவர் வந்து எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இதைவிடப் பெரிய இயேசு சபைக் கல்வி எனக்குத் தெரியாது.

இன்னொன்று. தாலுகா ஆபீசில் "வாங்க ஃபாதர்" என்று உங்களுக்கு மட்டும் நாற்காலி போடுவார்கள். நிலத்துக்காரம்மா நின்றுகொண்டிருந்தால் நீங்களும் நில்லுங்கள். மனுவை அவர் கையாலேயே நீட்டட்டும். நம் கோயில்களுக்குள்ளேயே சாதி இருக்கிறது. அங்கி உடுத்தியவர் எங்கே உட்காருகிறார் என்று மக்கள் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

ஊர்க் கணக்குகளை ஆண்டுதோறும் தணிக்கை செய்யும் ஜமாபந்தி மே, ஜூன் வாக்கில் வரும். அதற்குள் ஒரே ஒரு ஊரின் கணக்கையாவது முழுதாகப் பார்த்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்