சாடியில் தேசி வளர்த்தல்

வயலோரக் குடிமனைகளில் நாட்டிய தேசி, இரண்டொரு மாரியைக் கண்டபின் இலை மஞ்சளித்துப் பட்டுப்போவதைக் கமக்காரர் பலர் அறிவர். நோயென்றெண்ணி மருந்து தெளிப்பாரும் உளர். பெரும்பாலும் காரணம் வேரடியில் தேங்கும் நீரேயாம். தேசியின் உறிஞ்சுவேர்களிற் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே பரவும். காற்றின்றிப் பல நாட்கள் நீரில் நிற்பின் அவை அழுகும். மேட்டுநிலம் இல்லாதார் இதனைச் சாடியில் வளர்த்தல் நன்று. முற்றத்திற்கு அழகும் அடுக்களைக்குக் காயும் கிடைக்கும்.

வாய் 18 அங்குலமும் ஆழம் அவ்வளவுமுள்ள சீமெந்துச் சாடி ஏற்றது. அடியில் விரல் நுழையத்தக்க துளைகள் நான்கைந்து இருத்தல் வேண்டும். ஒவ்வொரு துளையின்மேலும் ஓர் ஓட்டுத்துண்டைக் கவிழ்த்து வைத்தாற் போதும். அடியிற் சல்லிக்கல்லைத் தடிப்பாக நிரப்பும் பழைய வழக்கத்தைக் கைவிடுக. நுண்ணிய மண்ணிலுள்ள நீர் பருங்கற்களிடையே எளிதில் இறங்காது. ஆதலின் ஈரம் வேருக்கு இன்னும் அண்மையிலே தங்கிவிடும்.

வயற்களியைத் தனியே இடலாகாது. அது காயும்போது சுருங்கிச் சாடியின் சுவரை விட்டு விலகும். ஊற்றும் நீர் அவ்விடைவெளியால் ஓடிவிட, நடுமண் உலர்ந்தே கிடக்கும். மேல்மண் இருபங்கு, நன்றாக உக்கிய மாட்டெரு ஒருபங்கு, ஆற்றுமணல் ஒருபங்கு சேர்த்துக் கலந்து இடுக.

விதைக்கன்று காய்க்கப் பல ஆண்டுகள் செல்லும். பதிவைத்துப் பெற்ற கன்று விரைவிற் காய்க்கும். சாடிக்கு அதுவே சிறந்தது.

நீரூற்றுவதற்கு நாட்கணக்கு வேண்டா. விரலை இரண்டங்குலம் மண்ணுட் செலுத்திப் பார்த்து, உலர்ந்திருப்பின் மட்டும் அடித்துளையால் நீர் வடியும்வரை ஊற்றுக. சாடியைச் செங்கற்களின்மேல் உயர்த்தி வைத்தல் வேண்டும். கீழே தட்டு வைப்பது தீது. அதிலே தேங்கும் நீர் வேரைக் கெடுப்பதோடு, டெங்கு நுளம்பு பெருகவும் இடமாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகள் சில கோடையில் உவர்ப்படைகின்றன. தேசி உப்பைத் தாங்காது. இலைநுனி கருகக் கண்டால் உப்பையே முதலில் ஐயுறுக. மாரியிற் சேமித்த மழைநீரை நிறைய ஊற்றி, மண்ணிற் படிந்த உப்பைத் துளைவழியே கழுவிவிடலாம். இளந்தளிர் வெளிறி நரம்புமட்டும் பச்சையாக இருப்பின், அது பெரும்பாலும் சுண்ணாம்பு மிகுந்த நீரால் விளையும் இரும்புக் குறையாகும்.

தளிரிலே பறவை எச்சம்போற் காணப்படுவது வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. வளர்ந்தபின் அது பச்சைநிறம் பெறும். ஓரிரு சாடிகளுக்கு மருந்து வீண்செலவு. காலையிற் கையாற் பொறுக்கி அழித்தால் தீரும்.

இரண்டு மூன்று ஆண்டுகளில் வேர்கள் சாடியின் சுவரோரம் சுற்றிக்கொள்ளும். மாரி தொடங்குமுன் மரத்தை மண்ணோடு வெளியே எடுத்து, சுற்றிய வேர்களை ஓரங்குலத் தடிப்பிற்குச் சீவி நீக்குக. முன்னிருந்த ஆழத்திலேயே புதுமண்ணிட்டு நாட்டி நீரூற்றி, ஒருவாரம் பாதிநிழலில் வைத்தபின் வெயிலுக்குக் கொண்டுவருக.